கோடை விடுமுறையில் ஆனர்ஸ் இங்கிலீஷ் புத்தகம்: குறிப்பெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் மிடில் ஸ்கூல் பிள்ளைக்கு ஆனர்ஸ் இங்கிலீஷ் (வழக்கமானதைவிடக் கொஞ்சம் கடினமான ஆங்கில வகுப்பு) கிடைத்துவிட்டால், பல பள்ளிகளில் கோடை விடுமுறைக்கு முன்பே ஒரு தாள் கொடுத்துவிடுவார்கள். இன்ன புத்தகத்தைப் படித்து, குறிப்பெடுத்து, பள்ளி திறந்ததும் கொண்டு வர வேண்டும். எங்கள் மகளுக்கு வந்தது லோயிஸ் லோரியின் 'தி கிவர்'. 1993இல் வெளியாகி, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் நியூபெரி பதக்கம் வாங்கிய நாவல். வேறு புத்தகம் என்றாலும் இதே முறை உதவும்.

1. புத்தகத்தைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். நூலகப் பிரதியில் பென்சில் வைக்க முடியாது. நூலக மின்னூல்களை இரவல் தரும் லிபி ஆப்பில் எடுத்தால், அடுத்து யாராவது காத்திருக்கும்போது நீட்டிக்க முடியாது. பழைய பேப்பர்பேக் போதும். கூடவே ஒரு பென்சில், சின்ன ஸ்டிக்கி நோட், ஒரு நோட்டு. ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம். பக்கம் முழுக்க மஞ்சள் அடித்தபின், ஏன் அடித்தோம் என்பதே பிள்ளைக்கு மறந்துவிடும்.

புத்தகம் படிக்க எவ்வளவு கடினம் என்று காட்டும் லெக்சைல் எண் 760தானே, இது சின்னப் பிள்ளைகள் புத்தகம் ஆயிற்றே என்று நினைக்காதீர்கள். வாக்கியத்தின் நீளத்தையும், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை என்பதையும் வைத்துப் போடும் எண் அது. கதையின் ஆழம் அதில் தெரியாது.

2. ஜூனில் ஒருமுறை பென்சிலே இல்லாமல் படிக்கட்டும். ராத்திரி ஒரே மூச்சில் முடித்தாலும் சரி, விட்டுவிடுங்கள்.

3. ஜூலைக் கடைசியில் இரண்டாம் முறை. மொத்தம் 23 அதிகாரங்கள்; வாரம் ஆறு என்று வைத்தால் நான்கு வாரத்தில் முடியும். பள்ளி திறக்கும்போது எல்லாம் நினைவில் இருக்கும்.

4. இப்போது நோட்டு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் புத்தகத்திலிருந்து ஒரு வரி, வலப்பக்கம் பிள்ளையின் யோசனை. எங்கள் வீட்டில் நின்றுபோன இடம் இந்த வலப்பக்கம்தான்.

மூன்றாம் அதிகாரத்தில் கதையின் நாயகன் ஜோனாஸ் ஆப்பிளைத் தூக்கிப்போட்டு விளையாடும்போது, அது ஒரு கணம் மாறித் தெரிகிறது. அதற்கு நேரே மகள் எழுதியிருந்தது: "ஆப்பிள் மாறுவதை ஜோனாஸ் பார்க்கிறான்." இது கதைச்சுருக்கம். இடப்பக்கத்தில் இருப்பதே வலப்பக்கத்திலும் வந்துவிட்டது.

நோட்டை மூடி வைத்துவிட்டுத் தமிழிலேயே பேசினோம். கதையில் வரும் ஊரில் தின்பண்டத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாதே, ஜோனாஸ் ஏன் அந்த ஆப்பிளை எடுத்துப்போனான்? அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "விதியை மீறுற பையனே இல்ல அவன். அந்த அளவுக்கு அது அவன உறுத்தியிருக்கு. எப்படி மாறுச்சுன்னு சொல்ல அவன்கிட்ட வார்த்தை இல்ல, அதான் ரைட்டரும் சொல்லல." சரி, இதைத்தான் இங்கிலீஷில் எழுது என்றேன். அந்த மாற்றம் என்னவென்று 12ஆம் அதிகாரத்தில்தான் தெரியவரும். இரண்டாம் முறை படிப்பவளுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதால், எழுத்தாளர் எதை மறைக்கிறார் என்பதும் கண்ணில் படுகிறது.

வலப்பக்கம் வறண்டு போனால் நான் கேட்பவை இவை: இதை ஏன் இந்த இடத்தில் வைத்தார்? முன்னால் வந்த எதோடு இது சேர்கிறது? உனக்கு எது உறுத்துகிறது? பதிலை மட்டும் நீங்கள் சொல்லித் தராதீர்கள். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் சுருக்கங்களும் நோட்டு முடியும்வரை வேண்டாம். அவற்றைப் பார்த்த பிறகு பிள்ளைக்குச் சொந்தக் கேள்வி வருவது கஷ்டம்.

பின்சேர்க்கை: கிண்டிலில் பக்க எண் ஒத்துவரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பேப்பர்பேக்கிலும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதிகார எண்ணை எழுதி, "தொடக்கம்", "நடு", "கடைசி" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள், பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொருவர் வீட்டில் பையனுக்குப் புத்தகமே பிடிக்கவில்லையாம். அதையும் தாராளமாக வலப்பக்கம் எழுதலாம். எந்த வரியில் வெறுத்துப்போனது என்பதை மட்டும் இடப்பக்கத்தில் காட்டிவிட வேண்டும்.