கம்பானியனோடு ஆறு வாரம்: மிஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் சபையின் இளம் மிஷனரிகள் இரண்டு பேரை, எல்டர்கள் என்போம், சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சென்னை வெயிலில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததில் இருவருக்கும் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாம்பார், ரசம் எல்லாம் முடிந்து தயிருக்கு வந்தபோது சின்னவன் என்னைப் பார்த்து, "பிரதர், அந்தத் தயிரைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?" என்றான். கிண்ணம் மேசையின் அந்தக் கோடியில், அவனுடைய கம்பானியனின், அதாவது மிஷனில் அவனோடு ஜோடியாகப் போடப்பட்டவனின், முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எழுந்து சுற்றிப் போய் எடுத்துக் கொடுத்தேன். கம்பானியன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

என் மனைவி இதைக் கவனிக்கவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. 2014-இல் மிஷனில் இருந்தபோது இங்கிலாந்தில் ஒரு வீட்டு மேசையில் நானும் இதே மாதிரி சுற்றி வளைத்து உப்புக் கேட்டவன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: வெளியில் எங்களை மார்மன் என்பார்கள். 2018-இல் எங்கள் தலைவர் அந்தப் பெயர் வேண்டாம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுதாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் தேடுகிறவர்கள் பழைய பெயரில்தான் தேடுகிறார்கள். 2012-க்குப் பிறகு பையன்கள் 18 வயதிலேயே மிஷனுக்கு, அதாவது வெளியூரில் முழுநேர ஊழியத்துக்கு, கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எங்கே போக வேண்டும், யாரோடு தங்க வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆறரைக்கு எழுந்திரு, பெயர்ப் பட்டையை மறக்காதே என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டைப் படித்த பிறகும் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

டீ வேண்டாம் என்று சொல்லும் விதம்

நான் இருந்தது வட இங்கிலாந்து. நம்மூர் மாதிரியேதான், வீட்டுக்குள் வந்தவரிடம் முதல் கேள்வி டீ குடிக்கிறீர்களா என்பது. எங்களுக்கோ 1833-இல் வந்த ஞான வார்த்தை என்ற உணவுக் கட்டுப்பாட்டின்படி டீ, காபி, மது, புகையிலை எதுவும் கூடாது. முதல் மாதத்தில் ஒரு பெரியவர் கெட்டிலை அடுப்படியில் போட்டுவிட்டு வந்தார். நான் ஏன் டீ குடிப்பதில்லை என்று அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். பாவம், தன் டீயை ஆறவிட்டு முழுவதையும் கேட்டார். அதற்கு அடுத்த முறை கதவைத் திறக்கவில்லை.

"வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் உபசரிக்க நினைத்தவரின் கை சும்மா நிற்கும். "தண்ணீர் கொடுங்கள்", "ஸ்குவாஷ் இருக்கிறதா" என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள். அவருக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும். ஏன் என்று அவராகக் கேட்டால் அப்புறம் சொல்லலாம்.

கேட்காமல் தாளிப்பது

அங்கே வீட்டுக்கு வீடு புகை அலாரம் உண்டு. காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் போட்டால் அது அலறும். கம்பானியன் ஜெபத்தில் இருக்கும்போது அலறினால் இன்னும் விசேஷம். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாளியுங்கள்.

பி-டே

பிரிப்பரேஷன் டே, வாரத்தில் சொந்த வேலைகளுக்கான ஒரு நாள். அதைத் தூங்கித் தீர்க்காதீர்கள். துவைக்க, சாமான் வாங்க, முடி வெட்ட, வீட்டுக்கு எழுத எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான், அதுவும் மாலை ஆறு மணி வரைதான்.

கணக்கு வைப்பது

இந்தத் தலைப்புக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மிஷனில் கம்பானியன் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளியலறையும், அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் பிரசிடெண்டோடு தனியாகப் பேசும் நேரமும்தான் விதிவிலக்கு. ஒரே அறையில் தூக்கம், ஒரே மேசையில் படிப்பு. மூடிக்கொள்ள ஒரு கதவு இல்லாத வாழ்க்கையில் பையன்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெரியவர்களும் அதற்குத் தோதாக ஒரு புத்திமதி வைத்திருக்கிறார்கள்: "ஆறு வாரம்தானே, பல்லைக் கடிச்சுக்கோ, டிரான்ஸ்ஃபர் வந்துடும்." இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். டிரான்ஸ்ஃபர், அதாவது ஊரோ கம்பானியனோ மாறும் சமயம், ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருவது உண்மைதான். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 17 வரும். பதினேழு தடவையும் பல்லைக் கடித்தால் ஊர் திரும்பும்போது பல் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. புதிய கம்பானியன் ஐடஹோ பக்கத்துப் பையன், விவசாயக் குடும்பம். அப்போதைய அட்டவணைப்படி எட்டு மணிக்குத் தனிப் படிப்பு, ஒன்பதுக்கு இருவரும் சேர்ந்து படிப்பு, பத்துக்கு வெளியே கிளம்ப வேண்டும். பத்து மணிக்கு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். அவன் கட்டில் ஓரத்தில் ஒரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். முதல் வாரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் எழுத ஆரம்பித்தேன்.

அப்போது எங்களுக்குச் சட்டைப் பையில் அடங்குகிற சின்ன பிளானர் கொடுப்பார்கள், ஒன்று ஆறு வாரத்துக்கு வரும். அதன் கடைசிப் பக்கத்தில் திங்கள் 11 நிமிடம், செவ்வாய் 8 நிமிடம், புதன் மதியத் தூக்கம், பாத்திரம் கழுவவில்லை என்று பொடி எழுத்தில் வரிசையாகக் குறித்தேன். மளிகைக்கடைப் பற்று நோட்டு தோற்றது. யாரிடம் காட்டப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. எழுதினால் மனசு லேசாகும் என்று நினைத்தேன், ஆனால் எழுத எழுதக் கண் கூர்மையானதுதான் மிச்சம். அவன் மெல்லுகிற சத்தம்கூடப் பட்டியலில் ஏறியது.

வாரம் ஒரு முறை திட்டமிட உட்காரும்போது, கடைசியில் கம்பானியன்கள் ஒருவரோடு ஒருவர் மனம் விட்டுப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. உன்னிடம் நல்லது இது, நமக்குள் இடிப்பது இது, நான் எதைத் திருத்திக்கொள்ளட்டும் என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்:

"ஏதாவது இருக்கா?"

"இல்லை. உனக்கு?"

"இல்லை."

பிளானர் என் சட்டைப் பையில் இருந்தது.

அவனுக்கு பிரெஸ்டன் போய் ரிப்பிள் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. 1837-இல் இங்கிலாந்துக்கு வந்த எங்கள் முதல் மிஷனரிகள் ஞானஸ்நானம் கொடுத்த ஆறு அது. அந்தப் பக்கத்திலிருந்துதான் அவனுடைய முன்னோர் யாரோ கப்பலேறி அமெரிக்கா போனார்களாம். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. ஒரு உறுப்பினர் வீட்டில் சாப்பிடும்போது அந்த வீட்டம்மாவிடம் சொன்னான், நான் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தேன். ரயிலில் அரை மணி நேரம்தான். அனுமதி கேட்டு ஒரு பி-டேயில் போய் வந்திருக்கலாம். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு அம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பிள்ளைகள், கணவர் பிரிந்து போய்விட்டார். ஐந்து வாரமாக ஒரு தடவைகூடத் தவறாமல் கதவைத் திறந்தவர். அன்றைக்குப் பாடமே குடும்பத்தைப் பற்றியது. நான் பாதி சொல்லி நிறுத்தினேன், மீதியை அவன் எடுக்க வேண்டும். அவன் எடுக்கவில்லை. நானும் அவன் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் இரண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில். அந்த வாரத்தில் நாங்கள் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

"நானும் என் வீட்டுக்காரரும் கடைசி வருஷம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்" என்றார். அடுத்த வாரம் போனபோது பெரிய பிள்ளை வந்து அம்மா வேலையாக இருக்கிறார் என்றான். அதற்கடுத்த வாரமும் அதே பதில்.

ஆறாவது வாரக் கடைசியில் டிரான்ஸ்ஃபர் அழைப்பு வந்தது. அவனுக்கு வேறு ஊர். நிலையத்தில் கைகுலுக்கிவிட்டு வந்து, பழைய பிளானரை எடுத்து வைக்குமுன் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். என் எழுத்துக்குப் பக்கத்தில் நீல மையில் வேறு கை எழுதியிருந்தது. இரண்டாவது வாரத்து வெள்ளிக்கிழமை '9' என்று நான் போட்டிருந்ததை அடித்து '14' என்று திருத்தியிருந்தான். நான் விட்டுவிட்ட ஒரு வியாழனைச் சேர்த்து, நிமிடமும் போட்டிருந்தான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

எப்போது எடுத்துப் படித்தான், எத்தனை நாள் தெரிந்துகொண்டே என்னோடு நடந்தான், தெரியாது. தினமும் ஏன் அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான் என்பதும் தெரியாது. ஆறு வாரத்தில் நான் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சரி, வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அன்றன்றைக்குச் சொல்லிவிடுங்கள். பத்தரைக்கு விளக்கை அணைக்கும் முன்னால், ஒரே ஒரு விஷயம், அதையும் கேள்வியாக: "காலையில் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தாய்?" 'நீ எப்பவுமே' என்று ஆரம்பிக்கிற வாக்கியம் வேண்டாம், அதற்குப் பின்னால் பட்டியல் நிற்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். வாராந்திரப் பேச்சைக் கொட்டித் தீர்க்கும் இடமாக்காதீர்கள். உன்னிடம் நல்லது இது என்று சொல்லும் பகுதியைத்தான் எல்லோரும் வெட்கப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

இதில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பானியன் சாப்பிடாமல், தூங்காமல் நாள் கணக்கில் இடிந்து கிடந்தாலோ, ஆபத்தான காரியம் ஏதாவது செய்தாலோ, உங்கள் மேல் கை வைத்தாலோ, அது 'நமக்குள் பேசித் தீர்க்கிற' சமாச்சாரம் இல்லை. அன்றே மிஷன் பிரசிடெண்டுக்குப் போன் போடுங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

தமிழில் புகார்

எங்கள் காலத்தில் வீட்டோடு போனில் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான். 2019-இலிருந்து வாரா வாரம் பேசலாம், வீடியோவிலும் பார்க்கலாம். நல்ல மாற்றம். ஆனால் கம்பானியன் அதே அறையில்தான் இருப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாதே என்ற தைரியத்தில் அம்மாவிடம் அவனைப் பற்றிப் பொரிந்து தள்ளுகிறார்கள். நடுவில் 'எல்டர்' என்று சொல்லி அவன் பெயரை வேறு சேர்க்கிறார்கள். பெயரும் தொனியும் புரிய அகராதி வேண்டுமா? அம்மாவும் அதற்குப் பிறகு நான்கு நாள் தூங்க மாட்டார்.

பழைய கம்பானியன் புராணம்

புதியவன் முன்னால் பாடாதீர்கள்.

ஒரே ஜோடி ஷூ

மழை ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு ஜோடி. ஒன்று காயும்போது இன்னொன்று காலில்.

ஃபிரிட்ஜ்

டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகும்போது காலி செய்துவிட்டுப் போங்கள். நான் போய் இறங்கிய ஒரு வீட்டில் மூடி போட்ட டப்பா ஒன்று இருந்தது. மேலே ஒட்டியிருந்த தேதி இரண்டு டிரான்ஸ்ஃபருக்கு முந்தியது. உள்ளே என்ன இருந்தது என்று பார்க்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை. அப்படியே பையில் கட்டிக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனோம், ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு.