எட்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு மரபணுப் பரிசோதனை: எப்படிச் செய்வது, எப்படிப் படிப்பது

ஒரே மருந்து ஒருவருக்கு வேலை செய்யாமல் போவதற்கும் இன்னொருவர் உடம்பில் தேங்குவதற்கும் மரபணுவும் ஒரு காரணம்; அதைப் பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. ஆனால் முதல் வேலை ரத்தம் எடுப்பதல்ல, மாத்திரை டப்பாவை மேசையில் கொட்டுவது. அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயர், மில்லிகிராம், வேளை மூன்றையும் எழுதுங்கள். கடையில் கேட்டு வாங்கும் அசிடிட்டி மாத்திரையையும் சித்த மருந்தையும் விடாதீர்கள். இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பிராண்டில் எழுதிய ஒரே மருந்து இங்கேயே அகப்பட்டுவிடும். அதற்கு மரபணு எதுவும் பார்க்க வேண்டாம்.

அடுத்து, பட்டியலில் மரபணுவைப் பொறுத்து வேலை மாறும் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தும் அதற்குப் பார்க்க வேண்டிய மரபணுவும் இவை: ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலுக்கு சிஒய்பி2சி19, வலி மருந்தான டிரமடாலுக்கும் பிரஷர், இதய மருந்தான மெட்டோபிரலாலுக்கும் சிஒய்பி2டி6, கொழுப்பு மருந்தான சிம்வாஸ்டாட்டினுக்கு எஸ்எல்சிஓ1பி1, ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரினுக்கு சிஒய்பி2சி9, விகேஓஆர்சி1. வலிப்பு மருந்தான கார்பமசெபின் புதிதாகத் தொடங்கப் போகிறவருக்கு எச்எல்ஏ-பி*15:02. வெறும் மெட்ஃபார்மினும் அம்லோடிபினும்தான் ஓடுகின்றன என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

மாதிரி கொடுப்பது எளிது. ஊதா மூடி குழாயில் கொஞ்சம் ரத்தம், இல்லையென்றால் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சி. குச்சி என்றால் அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, டீ, வெற்றிலை எதுவும் கூடாது. வெறும் வயிறு தேவையில்லை, மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். எலும்பு மஜ்ஜை மாற்றியவருக்கு ரத்தத்தில் இருப்பது கொடையாளியின் மரபணு. கல்லீரல் மாற்றியவருக்கு மருந்தைச் சிதைப்பது கொடையாளியின் நொதி. இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தவறு பெரும்பாலும் ரிப்போர்ட்டைப் படிப்பதில்தான் நடக்கிறது. குளோபிடோக்ரெல் உடம்புக்குள் போய் நொதியால் மாறினால்தான் வேலை செய்யும். அந்த நொதிக்கான மரபணு சிஒய்பி2சி19 அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு இருக்கும்; ரிப்போர்ட்டில் *1 என்பது வழக்கமான வடிவம், *2 என்பது வேலை செய்யாத வடிவம். *2/*2 வந்தால் அந்த மாற்றம் சரியாக நடக்காது, இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். *1/*2 என்றால் இடைப்பட்ட வேகம். தெற்காசியர்களிடம் *2 பரவலாக இருப்பதால் இதை அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. சரி, *1/*1 வந்துவிட்டது, நிம்மதியா? பட்டியலில் அசிடிட்டி மாத்திரையான ஒமிபிரசோல் இருந்தால் இல்லை. அதுவும் அதே நொதியைத்தான் முடக்குகிறது. பான்டோபிரசோலில் அந்தத் தொல்லை குறைவு. அதேபோல மனச்சோர்வு மாத்திரையான ஃபுளூவாக்சிட்டின் சாப்பிடுபவரின் சிஒய்பி2டி6 ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தாலும் நடைமுறையில் மந்தம்தான்: டிரமடாலுக்கு வலி அடங்காது, மெட்டோபிரலால் தேங்கி நாடித்துடிப்பு இறங்கும். ஃபுளூவாக்சிட்டினை நிறுத்தினாலும் இந்த மந்தம் சில வாரங்கள் நீடிக்கும். லேபுக்கு உங்கள் மருந்துப் பட்டியல் தெரியாது, அதனால் ரிப்போர்ட்டில் இது வராது.

*1 என்றால் குறையே இல்லை என்றும் பொருளல்ல, தேடிய மாற்றங்கள் அகப்படவில்லை என்றுதான் பொருள். சிஒய்பி2டி6-க்கு மரபணுப் பிரதிகளின் எண்ணிக்கையையும் பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. கிரியாட்டினின் தனியாகப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் குளோபிடோக்ரெலை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவர் மாற்றட்டும். மாற்று மருந்துகளில் பிராசுக்ரெல், பக்கவாதம் வந்தவருக்கு ஆகாது. டிக்காகிரெலார் நாளுக்கு இருவேளை, சிலருக்கு மூச்சு வாங்கும். டிக்காகிரெலாரோடு சேரும்போது சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சளிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதினால் அதையும் டிக்காகிரெலாரோடு சேர்க்கக் கூடாது. ஆகவே ஒரு மருந்து மாறினால் மேசையில் போட்ட பட்டியலை மறுபடி முதலிலிருந்து பாருங்கள். ரிப்போர்ட்டின் நகலை அந்தப் பட்டியலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.