ராஸ்பெர்ரி பை ஆன் ஆனதும் புரோகிராம் தானாகத் திறக்க: செய்முறை

ஒரு நகைக்கடையில் தங்கம் விலைப் பலகைக்காக டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினி ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். கீபோர்டு, மவுஸ் கிடையாது. காலையில் கடை திறப்பவர் சுவிட்சைப் போட்டதும் அன்றைய கிராம் விலை திரையில் வந்துவிட வேண்டும்.

புரோகிராம் பைத்தானில், திரையில் விண்டோ வரைய உதவும் பைக்யூட்டியில் எழுதியது. அதே வேலைக்கு, டிகே என்ற கருவியை வைத்து இயங்கும் டிகிண்டர் எளிது என்று சிலர் சொல்வார்கள். தமிழ் காட்ட வேண்டுமென்றால் அது வேண்டாம்: லினக்ஸில் டிகே 8.6 தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோப்பதில்லை, ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்.

புரோகிராமைத் தானாகத் திறக்கத் தேடினால் முதலில் கிடைப்பது, பை ஆன் ஆகும்போது ஓடும் ஆர்சி லோக்கல் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் என்ற இரண்டு பழைய வழிகள். விண்டோ இல்லாத புரோகிராமுக்குக் கிரான் அருமை. விண்டோ உள்ளதற்கு இரண்டும் சரிவராது. அவை ஓடும் நேரத்தில் டெஸ்க்டாப்பே வந்திருக்காது. எந்தத் திரையில் வரைவது என்று புரோகிராமுக்குத் தெரியாது. "டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை" என்ற பிழை அதனால்தான் வருகிறது. ஆகவே, டெஸ்க்டாப் எழுந்த பிறகு அதையே நம் புரோகிராமைத் திறக்கச் சொல்வோம்.

முதல் வேலை: டெர்மினலில் ராஸ்பி-கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் கருவியைத் திறந்து, சிஸ்டம் ஆப்ஷன்ஸில் டெஸ்க்டாப்புக்கு ஆட்டோ லாகின் கொடுங்கள். டிஸ்பிளே ஆப்ஷன்ஸில் ஸ்க்ரீன் பிளாங்கிங்கை (திரை தானாக அணைவதை) நிறுத்துங்கள். அப்படியே, வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சையும் ஆன் செய்துவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். கையால் ஓட்டினால் ஓடுகிறது, பை ஆன் ஆகும்போது மட்டும் ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பாதைதான், அதாவது கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி. நீங்கள் ஓட்டும்போது புரோகிராமின் ஃபோல்டருக்குள் நிற்கிறீர்கள், வென்வ் (புரோகிராமுக்கென்று தனியாக வைத்த பைத்தான் சூழல்) ஆக்டிவேட் ஆகியிருக்கிறது. தானாகத் திறக்கும்போது இரண்டும் இருக்காது. படக்கோப்பையோ செட்டிங்ஸ் கோப்பையோ வெறும் பெயரால் அழைத்திருந்தால் அது கிடைக்காமல் புரோகிராம் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

அதனால் ஸ்கிரிப்டில், பாஷ் என்று அறிவிக்கும் முதல் வரிக்குப் பிறகு, சிடி கட்டளையால் புரோகிராம் ஃபோல்டருக்குள் போங்கள். அதற்கு அடுத்த வரியில் பைத்தான் என்று மட்டும் எழுதாமல், வென்வில் 'பின்' என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதுங்கள். ஆக்டிவேட் செய்யவே தேவையில்லை. பழைய குறிப்புகளைப் பார்த்து, பாதையில் ஹோமுக்கு அடுத்து 'பை' என்ற பயனர் பெயரைப் போடாதீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து அந்தப் பயனர் தானாக வருவதில்லை, உங்கள் பயனர் பெயர்தான் வர வேண்டும்.

அதே வரியின் கடைசியில் அவுட்புட்டையும் பிழைகளையும் ஒரு லாக் கோப்புக்குத் திருப்புங்கள். பைத்தானுக்கு 'மைனஸ் யு' என்ற ஆப்ஷனைக் கொடுக்காவிட்டால் பிரின்ட் செய்தது உடனே லாகில் விழாது. காலி லாகைப் பார்த்துக் குழம்ப வேண்டியிருக்கும்.

ஸ்கிரிப்டுக்கு சிஹெச்மோட் கட்டளையால் இயக்க அனுமதி கொடுத்துவிட்டு, ரூட் டைரக்டரிக்குப் போய் அங்கிருந்து முழுப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். பாதைப் பிழைகள் இங்கேயே பிடிபடும். ஸ்கிரிப்ட் எழுத, பையிலேயே ஓடும் ஜீனி என்ற எடிட்டரைத்தான் நான் சொல்வேன். விண்டோஸில் எழுதிக் காப்பி செய்தால் வரி முடிவு வேறாக இருக்கும், பாஷ் ஏற்காது.

இனி டெஸ்க்டாப்பிடம் ஒப்படைப்பது. ஹோமில் கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் மறைந்திருக்கும் டாட் கான்ஃபிக் ஃபோல்டர் தெரியும். அதற்குள் ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கி, உள்ளே டாட் டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு கோப்பு வையுங்கள். நான்கே வரி: சதுர அடைப்புக்குள் டெஸ்க்டாப் என்ட்ரி, டைப் சமம் அப்ளிகேஷன், நேம் சமம் ஏதாவது பெயர், எக்ஸெக் சமம் ஸ்கிரிப்டின் முழுப் பாதை. எக்ஸெக் வரியில் டில்டே, இரட்டை ஆம்பர்சண்ட் எதுவும் வேண்டாம். அவை ஷெல்லுக்குப் புரிபவை, இங்கே ஷெல் இல்லை.

டெஸ்க்டாப்பில் விண்டோக்களைக் காட்டி நிர்வகிக்கும் லேப்டபிள்யூசியின் சொந்த ஆட்டோஸ்டார்ட் கோப்பிலும் எழுதலாம். ஆனால் 2023 அக்டோபரில் பை 4, 5-இல் அந்த வேலைக்கு வேஃபயர் வந்தது. 2024 அக்டோபரில் அதற்குப் பதிலாக லேப்டபிள்யூசி வந்தது. ஒவ்வொன்றுக்கும் கோப்பு வேறு. டாட் டெஸ்க்டாப் கோப்போ எல்லாவற்றிலும் செல்லும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்தவர்கள் சிலருக்கு வந்த சிக்கல்கள்.

சிலருக்குத் திரையில் பழைய தேதி வந்தது. பை 4-இல் கடிகாரச் சிப் கிடையாது. பை 5-இல் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். இணையம் கிடைத்து நேரம் சரியாகும்வரை பழைய நேரமே ஓடும். ஸ்கிரிப்டில் 10 விநாடி காத்திருக்க 'ஸ்லீப் 10' போடலாம், ஆனால் வைஃபை 10 விநாடியில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. புரோகிராமே திரும்பத் திரும்ப முயல்வதுதான் நம்பகமானது.

புரோகிராம் கிராஷ் ஆனால் மறுபடி திறக்க, பைத்தான் வரியை, முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும் வைல் ட்ரூ லூப்புக்குள் வைத்து இடையில் 'ஸ்லீப் 2' கொடுங்கள். அப்படி வைத்தவர்களுக்கு அடுத்த கேள்வி, மாற்றம் செய்ய எப்படி நிறுத்துவது என்பது. எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து, ஓடும் புரோகிராமை நிறுத்தும் பிகில் கட்டளையால் முதலில் ஸ்கிரிப்டையும் அப்புறம் பைத்தானையும் நிறுத்துங்கள். வரிசை மாறினால் இரண்டே விநாடியில் புரோகிராம் மறுபடி திறந்துகொள்ளும்.