"ஏன்டி போனே?" என்று கேட்பதற்கு முன்

தோழி தனக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொல்லி முடித்ததும் என் வாயில் முதலில் வந்தது: "அவன்கூட ஏன்டி தனியா போனே?" அவள் பதில் சொல்லவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "சரி, விடு" என்றாள். பிறகு பல மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

உங்களிடம் யாராவது இப்படி ஒன்றைச் சொல்ல வந்தால், நான் செய்ததைச் செய்யாமலிருக்க இது உதவலாம்.

'ஏன்' என்று நாக்கு நுனிக்கு வந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கேள்வி பெரும்பாலும் நம் பயம்தான். அவள் ஏதோ தப்பு செய்தாள் என்றால், அதைச் செய்யாத எனக்கு ஒன்றும் ஆகாது. மனசு போடும் கணக்கு அவ்வளவுதான். 1966இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் வெளியிட்ட உளவியல் சோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சியில் துடிப்பதுபோல் நடித்தாள். பார்த்தவர்களுக்கு அது நடிப்பென்று தெரியாது. வேதனை தொடரும், தங்களால் தடுக்க முடியாது என்று நம்பியவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் அல்ல. நல்லவர்களுக்குக் கெட்டது நடக்காது என்ற நம்பிக்கையை விட மனசு வரவில்லை.

அடுத்து, முடிவை மறைத்துவிட்டுக் கதையை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். தெரிந்தவன், வண்டியில் ஏறினாள், வீட்டில் இறங்கினாள், தூங்கினாள். இதில் எங்கே தப்பு? முடிவு தெரிந்த பிறகுதான் 'அப்பவே தெரிஞ்சிருக்கணும்' என்று தோன்றுகிறது.

"கத்தியிருக்கலாமே" என்பதையும் விழுங்கிவிடுங்கள். ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017இல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் உடம்பு கணிசமாக உறைந்துபோனதாகச் சொன்னார்கள். கைகால் அசையாது, குரல் எழும்பாது. அது சம்மதமல்ல. அழாமல் சொல்வதும், முன்பின்னாகச் சொல்வதும் பொய்க்கு அடையாளமில்லை.

என்ன சொல்வது? "நான் நம்புறேன். உன் தப்பு இல்ல. இப்ப உனக்கு என்ன வேணும்?" போதும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

ஏற்கெனவே கேட்டுத் தொலைத்துவிட்டீர்களா? திரும்பிப் போய், "அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லுங்கள். நான் என் பயம், குற்றவுணர்ச்சி எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். கடைசியில் அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.