தூரத்து அடையாளத்தை வைத்துக் கோல்ஃப் பந்துக்குக் குறி பார்க்கும் முறை

கோல்ஃப் பழகத் தொடங்குபவர்கள் மட்டையை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது என்பதற்குச் செலவிடும் கவனத்தில் பாதியைக்கூட, எதை நோக்கி நிற்கிறோம் என்பதற்குச் செலவிடுவதில்லை. அடி எவ்வளவு சுத்தமாக விழுந்தாலும் நிற்கும் திசை பிசகினால் பந்து வேறெங்கோதான் போகும். திசை 1 பாகை விலகினால், 200 மீட்டர் போய் விழும் பந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தள்ளி விழும். 5 பாகை விலகினால் 17 மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். பந்து விழ வேண்டிய, புல்லைக் குட்டையாக வெட்டிய பரப்பான ஃபேர்வேயின் நடுவுக்கும் ஓரத்து மரங்களுக்கும் உள்ள இடைவெளி பல மைதானங்களில் அவ்வளவுதான். இந்தப் பிழையைச் சீர்செய்யப் புதிய மட்டையோ கருவியோ வேண்டியதில்லை. அடிவானத்தில் நிற்கும் ஒரு பொருளைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

ஃபேர்வேயின் நடுவைப் பார்த்து அடிக்கிறேன் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் ஃபேர்வே என்பது ஒரு பச்சைப் பரப்பு. அதில் கண் நிலைகொள்ள ஒரு புள்ளி இருக்காது. போதாக்குறைக்கு, முதல் அடியை அடிக்கும் இடமான டீயில் நட்டிருக்கும் இரண்டு அடையாளக் கட்டைகளும் புல் வெட்டிய கோடுகளும் பல நேரம் மைதானத்தின் ஓரத்தை நோக்கித் திரும்பியிருக்கும், நமக்குத் தெரியாமலேயே நம் தோளும் அவற்றோடு திரும்பிவிடும். இவற்றையெல்லாம் புறக்கணித்து, பந்து விழ வேண்டிய இடத்துக்கு நேர் பின்னால், மைதானத்துக்கும் அப்பால் நிற்கும் ஒரு பொருளில் கண்ணை நிறுத்துவதே முதல் வேலை.

அந்தப் பொருள் ஒல்லியாகவும், உயரமாகவும், அசையாததாகவும் இருக்க வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு இத்தகைய அடையாளங்கள் பழக்கமானவை. நிலம் தட்டையாக இருப்பதால் உயரமாக எது நின்றாலும் தூரத்திலிருந்தே கண்ணில் படும்: திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் கோபுரம், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1836 முதல் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம், ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவின் இரட்டைக் கோபுரங்கள், எங்கும் நிற்கும் செல்போன் கோபுரங்கள், தண்ணீர்த் தொட்டிகள், பனைமரங்கள். இவற்றுள் குறி பார்க்க மிகவும் ஏற்றவை பனையும் செல்போன் கோபுரமும் என்பேன். கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் அகலமானவை. அவற்றை எடுத்துக்கொண்டால் கோபுரத்தின் நடுக் கலசம், தொட்டியின் இடது விளிம்பு என்று ஒரு நுனியைக் குறிப்பிட்டு எடுக்க வேண்டும். தென்னையாக இருந்தால் காற்றில் ஆடும் உச்சியை விட்டுவிட்டு அடிமரத்தைப் பாருங்கள். மேகம், கப்பல், கட்டுமான இடத்தில் திரும்பிக்கொண்டே இருக்கும் கிரேன் ஆகியவை எவ்வளவு வசதியான இடத்தில் தெரிந்தாலும் குறியாகா.

இனி, இந்த முறையின் உயிர்நாடிக்கு வருவோம். தூரத்தில் ஒரு பொருளைப் பார்த்துவிட்டால் குறி கிடைத்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஒற்றை அடையாளம் பாதி வேலையைத்தான் செய்யும். இதை நம் கடற்கரையில் மீன்பிடிப்பவர்கள் நன்கறிவார்கள். ஜி.பி.எஸ். கருவி வருவதற்கு முன், நல்ல மீன் கிடைக்கும் இடத்தை மறுபடி கண்டுபிடிக்க, கரையோரம் நிற்கும் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் உள்ளே தள்ளி நிற்கும் ஒரு கோபுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி பார்த்துப் படகை நிறுத்துவார்கள். மரமும் கோபுரமும் பிரிந்து தெரிந்தால், படகு அந்தக் கோட்டைவிட்டு விலகிவிட்டது என்று பொருள். கிட்டத்தில் ஒன்று, எட்டத்தில் ஒன்று என இரண்டு குறிகள் சேர்ந்தால்தான் ஒரு கோடு பிறக்கிறது. கோல்ஃபிலும் இதே கணக்குதான்: எட்டத்துக் குறி செல்போன் கோபுரம் என்றால், கிட்டத்துக் குறி பந்துக்கு முன்னால் தரையில் கிடக்கும் ஏதோ ஒன்று.

ஆகவே, அடிப்பதற்கு முன் பந்துக்குப் பின்னால் மூன்று நான்கு தப்படி தள்ளிச் சென்று, பந்து உங்களுக்கும் இலக்குக்கும் நடுவே வரும்படி நில்லுங்கள். பந்து விழ வேண்டிய இடத்தைப் பாருங்கள். அதற்கு நேர் பின்னால் அடிவானத்தில் என்ன நிற்கிறது என்று தேர்ந்தெடுங்கள். பிறகு அந்தப் பொருளிலிருந்து பார்வையை மெதுவாகப் பந்துவரை இறக்கிக்கொண்டே வாருங்கள். வழியில், பந்துக்கு ஓரிரு அடி முன்னால், கோட்டின்மேல் ஏதாவது ஒன்று தட்டுப்படும்: காய்ந்த புல்லின் ஒரு தாள், யாரோ விட்டுச்சென்ற, பந்தைத் தாங்கும் முளையின் (இதையும் டீ என்பார்கள்) உடைந்த முனை, முன்பு விழுந்த அடியில் பெயர்ந்த மண்ணின் விளிம்பு. அதுதான் கிட்டத்துக் குறி. அமெரிக்க வீரர் ஜாக் நிக்லாஸ் தம் ஆட்டக் காலம் முழுவதும் இப்படிப் பந்துக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தே ஆடியவர். பந்தின் பக்கத்தில் குனிந்து நிற்கும்போது தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அந்த நிலையில் 200 மீட்டர் தள்ளியுள்ள இலக்கைச் சரியாகக் கணிப்பது எவருக்கும் கடினம். ஓரடி தள்ளியுள்ள புல்தாளை நோக்கி மட்டையின் முகத்தை வைப்பது எளிது.

பந்தை நெருங்கியதும் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் மட்டையின் முகத்தைக் கிட்டத்துக் குறிக்கு நேராகத் தரையில் வையுங்கள். அதன் பிறகுதான் கால்களை வைக்க வேண்டும். பாதங்களின் நுனிகளைச் சேர்க்கும் கோடும், இடுப்பும், தோள்களும் பந்து போகும் கோட்டுக்கு இணையாக அமைய வேண்டும். கால்களை முதலில் ஊன்றிவிட்டு மட்டையைப் பிறகு திருப்பிச் சரிசெய்பவர்களுக்கு எந்த அடையாளமும் உதவாது. இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் எழும்: பந்தின் கோடும் கால்களின் கோடும் இணை என்றால், கால்கள் அடையாளத்துக்கு எவ்வளவு இடப்புறம் நோக்க வேண்டும்? இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல் போகாது. அடையாளம் 1 கிலோமீட்டர் தள்ளி இருக்குமானால், அந்த ஒரு மீட்டர் அதன் அடிப்பாகத்தின் அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். எனவே, தூரத்து அடையாளத்தைப் பொறுத்தவரை கால்களும் அதையே நோக்குகின்றன என்று எடுத்துக்கொண்டால் பிழையில்லை. இணையாக நிற்க வேண்டும் என்ற அறிவுரையைக் கேட்டுவிட்டு வலக்கைக்காரர்கள் தேவைக்கு மேல் இடப்புறம் திரும்பி நிற்பதைத் தடுக்க இந்த ஒரு கணக்கே போதும்.

இன்னொரு கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். “அந்தக் கோபுரத்தைப் பார்த்து அடி” என்று நண்பர் சொல்லும் ஆலோசனை, அவர் நின்ற இடத்துக்குத்தான் பொருந்தும். டீயின் அடையாளக் கட்டைகளை மைதானத்தார் அடிக்கடி இடம் மாற்றுவார்கள். கோபுரம் 1,000 மீட்டர் தொலைவில் இருக்கிறது, பந்து 200 மீட்டரில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 10 மீட்டர் வலப்புறம் தள்ளி நின்று அதே கோபுரத்தை நோக்கி அடித்தால், பந்து பழைய இடத்துக்கு 8 மீட்டர் வலப்புறம் விழும். அடையாளம் 300 மீட்டரிலேயே இருந்தால் விலகல் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகையால் பழைய குறியை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு முறையும் பந்துக்குப் பின்னால் நின்று புதிதாகவே பார்க்க வேண்டும்.

காற்று வீசும்போது குறியை மாற்ற வேண்டிவரும். பிற்பகலில் கடற்காற்று ஏறும் நம் பகுதியில் வளர்ந்தவர்களுக்குக் காற்றின் போக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை அளவாக மாற்றுவதில்தான் சிக்கல். கையை முழுவதும் நீட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தால், சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை, நடுவிலுள்ள மூன்று விரல்களும் சேர்ந்து 5 பாகை, மூடிய முட்டி 10 பாகை. வலப்புறமிருந்து வீசும் காற்று பந்தை ஏழு மீட்டர் தள்ளும் என்று தோன்றினால், 200 மீட்டர் அடிக்குக் கோபுரத்துக்கு வலப்புறம் இரண்டு சுண்டுவிரல் தள்ளிக் குறி வைக்க வேண்டும். ஆனால் “கோபுரத்துக்குக் கொஞ்சம் வலப்புறம்” என்று மனத்தில் வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். விரலால் அளந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்து, அந்தப் பனையையோ வீட்டு மூலையையோ புதிய குறியாக்கிக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லாத வெட்டவெளியை நோக்கச் சொன்னால், உடல் பழைய கோபுரத்துக்கே திரும்பும். பந்தை வேண்டுமென்றே வளைத்து அடிப்பவர்கள், பந்து கிளம்ப வேண்டிய திசைக்கு ஒன்று, வந்து சேர வேண்டிய திசைக்கு ஒன்று என இரண்டு எட்டத்துக் குறிகளை வைத்துக்கொள்வது நல்லது; பந்து பெரும்பாலும் மட்டையின் முகம் பார்க்கும் பக்கமே கிளம்பும் என்பதால், முகத்தை முதல் குறிக்கு அருகில் வைக்க வேண்டும்.

இலக்கே கண்ணுக்குத் தெரியாத அடிகளில் இந்த முறை தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் 17வது குழியின் முதல் அடியை ஒரு கொட்டகைக்கு மேலாக அடிக்க வேண்டும். அதன் சுவரில் எழுதியுள்ள ஓட்டல் பெயரின் எந்த எழுத்துக்கு மேலே அடிப்பது என்பதே அங்கு ஆடுபவர்களின் முதல் கேள்வி. அயர்லாந்தின் லாஹிஞ்ச் மைதானத்தில் மணல்மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரைக்கு), மேட்டின்மேல் வைக்கும் வெள்ளைக் கல்லே வழிகாட்டி. நீங்கள் ஆடும் மைதானத்தில் அப்படிக் கல் எதுவும் இல்லையென்றால், சோம்பல் பாராமல் மேட்டின் உச்சிவரை நடந்து, அங்கிருந்து குழியில் நட்ட கொடியையும் பந்தையும் ஒரே கோட்டில் பார்த்து, அதன் நீட்சியில் வரும் ஓர் அடையாளத்தை எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

சென்னைக்கோ உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போய் ஆடும் வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும் என்பவர்கள், இதன் பெரும்பகுதியை ஊரிலேயே பந்து இல்லாமல் பழகலாம். கடலூரின் மஞ்சக்குப்பம் மைதானமோ வெள்ளிக் கடற்கரையில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையோ போதும். அங்கெல்லாம் பந்தை அடிக்கவே கூடாது, அது நடப்பவர்களுக்கு ஆபத்து. ஒரு சிப்பியைப் பந்தாக வைத்து, தூரத்தில் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன வரிசைப்படி நில்லுங்கள். நின்றபடியே கையிலுள்ள மட்டையைக் கால் நுனிகளை ஒட்டித் தரையில் கிடத்திவிட்டு, பின்னால் வந்து பாருங்கள். மட்டை அடையாளத்தைக் காட்டுகிறதா, அதற்கு எத்தனை விரல் தள்ளிக் காட்டுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். வலக்கைக்காரர்களில் பெரும்பாலோர் வலப்புறம் விலகி நிற்பதையே காண்பார்கள். விலகல் எப்போதும் ஒரே பக்கம் என்றால் திருத்துவது எளிது. மாறி மாறி வந்தால், கிட்டத்துக் குறியைச் சரியாக எடுக்கவில்லை என்று பொருள்.

மட்டையைக் கிடத்திப் பார்ப்பது பயிற்சிக்கு மட்டுமே உரியது. 2019 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, போட்டி ஆட்டத்தில் நிற்கும் நிலையைச் சரிபார்க்க எந்தப் பொருளையும் தரையில் வைக்கக் கூடாது; வைத்துப் பார்த்துவிட்டு அடிக்கு முன் எடுத்துவிட்டாலும் தண்டனை உண்டு. மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில் உங்கள் கணக்கில் இரண்டு அடிகள் கூடுதலாகச் சேரும். நீங்கள் கால்களை ஊன்றத் தொடங்கிய பிறகு, குறி சரியா என்று பார்ப்பதற்காக, மட்டைகளைச் சுமந்து உதவும் கேடி உங்களுக்குப் பின்னால் அந்தக் கோட்டில் நிற்பதும் கூடாது. ஆனால் கிரீனுக்கு வெளியே, அடிக்க வேண்டிய கோட்டைக் காட்டக் கேடியோ வேறொருவரோ முன்னால் போய் நிற்கலாம். பந்தை அடிக்கும் முன் அவர் விலகிவிட வேண்டும். தரையில் தானாகக் கிடக்கும் புல்தாளையும் அடிவானத்துப் பனையையும் குறியாகக் கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.