குடல் அடைப்பு: ஸ்கேன் பார்த்தும் தடம் மாறும் இடங்கள்

வயிறு உப்பி, வாந்தி நிற்காமல் வருபவருக்கு முதலில் எடுப்பது பெரும்பாலும் எக்ஸ்ரே. சிறுகுடல் 3 சென்டிமீட்டரையும், பெருங்குடல் 6-ஐயும், அதன் தொடக்கப் பையான சீக்கம் 9-ஐயும் தாண்டி விரிந்திருந்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். கணக்கு சரிதான். ஆனால், குடல் வளையங்களில் காற்று இல்லாமல் நீர் மட்டுமே நிறைந்திருந்தால் எக்ஸ்ரே ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. அறிக்கையில் ‘நார்மல்’ என்று இருப்பதைப் பார்த்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதுதான் முதல் தவறு.

சி.டி. ஸ்கேனில் நடக்கும் தவறு வேறு வகை. ‘அடைப்பு இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டு அனுப்பினால், ‘இருக்கிறது’ என்று மட்டும் பதில் வரும். அறுவை மருத்துவருக்குத் தேவை அதுவல்ல. அடைப்பு எந்த இடத்தில், எதனால், குடல் சுவருக்கு ரத்தம் போகிறதா, ஒரே வளையம் இரு முனையிலும் நெரிபட்டிருக்கிறதா என்பவைதான் கத்தியை எடுப்பதா, காத்திருப்பதா என்பதைத் தீர்மானிக்கின்றன. ரத்த ஓட்டத்தைப் பார்க்க, படத்தில் வேறுபாட்டை எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றியாக வேண்டும். சிறுநீரகத்துக்கு ஆகாதே என்று அதைத் தவிர்த்துவிட்டு, ‘குடல் நன்றாக இருக்கிறது’ என்று முடிவுகட்டுவது இருட்டில் நிறம் பார்ப்பதைப் போன்றது. குடிக்கும் கான்ட்ராஸ்டோ, முற்றிய அடைப்பில் வேண்டாத வேலை. தேங்கி நிற்கும் நீரே போதிய வேறுபாட்டைக் காட்டிவிடும். குடிக்கவைத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்துதான் கூடும்.

பழைய அறுவைச் சிகிச்சையின் ஒட்டுத்திசுக்களால் வரும் சிறுகுடல் அடைப்பில், நெரிபட்ட அறிகுறி இல்லையென்றால், படமே சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது. மூக்கு வழிக் குழாயால் இரைப்பையை முதலில் காலி செய்துவிட்டு, அதே குழாயில் நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்துகிறார்கள். பொதுவாக 50 முதல் 150 மில்லி. பிறகு 8 முதல் 24 மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே. மருந்து பெருங்குடலை எட்டியிருந்தால், பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே அடைப்பு விலகும். 24 மணி நேரத்திலும் எட்டவில்லை என்றால் மருத்துவர்கள் அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

இவ்வளவு எளிய சோதனையைக் கெடுக்கும் வழிகள் பல. இரைப்பையைக் காலி செய்யாமல் மருந்தை ஊற்றுவது. உடலிலிருந்து குடலுக்குள் நீரை இழுக்கும் மருந்து இது என்பதை மறந்து, நீரிழப்பைச் சரிசெய்யாமல் கொடுப்பது. குடல் ஓட்டையாகியிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவருக்கு, நீரில் கரையாத கான்ட்ராஸ்டான பேரியம் கொடுப்பது. எல்லாவற்றையும்விட மோசமானது, மருந்தைக் கொடுத்துவிட்டு எக்ஸ்ரே வரும்வரை நோயாளியின் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இருப்பது. வலி கூடினால், வயிறு கல்லாக இறுகினால், அந்த 24 மணி நேரக் கெடு செல்லாது.

வயிற்றில் ஒரு தழும்புகூட இல்லாதவருக்கு அடைப்பு என்றால், குடலிறக்கத்தைத் தேட வேண்டும். தொடை இடுக்கின் சிறு குடலிறக்கம், குறிப்பாக வயதான பெண்களிடம், எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். சி.டி. அந்தப் பகுதிவரை கீழே இறங்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கை அங்கே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பெருங்குடல் முறுக்கில், எந்தப் பகுதி முறுக்கியது என்பதைப் பிரித்தறியாமல் விடக்கூடாது. பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டின் முறுக்கை, குடல் அழுகாதவரை, எண்டோஸ்கோப்பியால் பிரித்துவிடலாம். சீக்க முறுக்குக்குப் பெரும்பாலும் அறுவைதான்.

குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வதுதான் குடல் செருகல். குழந்தைகளுக்கு இது வந்தால் சி.டி.வரை போக வேண்டியதில்லை, அல்ட்ராசவுண்டே போதும். ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்புநீரோ செலுத்திச் செருகலை விடுவிக்கலாம். குடல் ஓட்டையானதற்கான அறிகுறி இருந்தால் அந்த முயற்சிக்கே இடமில்லை. விடுவித்த பிறகும் முதல் ஒன்றிரண்டு நாள்களில் மறுபடி செருகிக்கொள்ளலாம் என்பதைப் பெற்றோரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.