படகுக்குக் கவர் தைக்கிறீர்களா? முதலில் நூலைக் காட்டுங்கள்

போன மாதம் ஒரு தம்பி, சுருட்டிய கவரைத் தோளில் போட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். ஆட்டோவுக்கு டாப் தைக்கிறவர். நானும் அந்தத் தொழிலிலிருந்து வந்தவன்தான். முட்டுக்காடு பக்கம் நிற்கும் இருபதடி ஃபைபர் படகுக்கு அவருடைய முதல் ஆர்டர். "கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துடுங்கண்ணே" என்றார். விரித்துப் பார்த்தேன். என் முதல் கவரை யாரோ திரும்பக் கொண்டுவந்து போட்டது போல இருந்தது. வருஷம்தான் மாறியிருக்கிறது, தப்பு மாறவில்லை.

மழுங்கிய ஊசி, கோணல் தையல் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை அவரவர் கையே சொல்லிக் கொடுத்துவிடும். கவரைப் படகில் மாட்டி, காசையும் வாங்கிக்கொண்டு வந்த பிறகு தெரியவரும் தவறுகள்தான் இவை.

நூல்

தம்பி நல்ல துணிதான் வாங்கியிருந்தார். இழையாக இழுக்கும் முன்பே சாயம் கலந்துவிடும் அக்ரிலிக், சன்பிரெல்லா வகை. முப்பதாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நூலைப் பார்த்தேன். வழவழவென்று மின்னியது.

"நூல் எங்க வாங்கினே?"

"சோஃபா சாமான் கடையிலதாண்ணே. நைலான். இழுத்துப் பாருங்க, அறவே அறாது."

இழுத்தேன். அறவில்லை. ஏமாறுவது இந்த இடத்தில்தான். புது நைலான் நூல் பாலியஸ்டரைவிடப் பலமாகவே இருக்கும். கடையில் இழுத்துப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும். ஆனால் வெயில் அதைத் தின்றுவிடும். சோஃபா வீட்டுக்குள் இருக்கிறது, படகு அப்படியா?

இதே நைலானில் நான் ஒரு பாய்மரப் படகுக்குக் கவர் தைத்துக் கொடுத்தேன். மூன்றாவது கோடையில் படகுக்காரர் போன் செய்தார்: "கவர் பிரிஞ்சு தொங்குது, வந்து பாருங்க." போனேன். துணி நேற்று வாங்கியது போல இருந்தது, சாயம்கூட மங்கவில்லை. தையல் மேல் நகத்தை வைத்து லேசாகக் கீறினேன். ஒரு சாண் நீளத்துக்கு நூல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. திருப்பிப் பார்த்தால் அடிநூல் அப்படியே கெட்டியாக இருக்கிறது. மேல்நூல் மட்டும் துணிக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது, அதனால் அதுதான் முதலில் சாகிறது. பாபின் நூல் நிழலில் பிழைத்துக்கொள்கிறது.

சரி, திரும்ப ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிரிந்த கவரைத் தைப்பது புதுசு தைப்பதைவிடத் தொல்லை. முதலில் உப்புப் போக அலசிக் காயவைக்க வேண்டும். அப்புறம், மூலைகளில் ஒட்டுத்துணி கொடுத்திருப்போமே, அதைப் பிரித்தால்தான் உள்ளே இருக்கும் தையலுக்கே போக முடியும். ஜிப்பைக் கழற்ற வேண்டும். பழைய துளையிலேயே ஊசி இறங்கும்படி மெதுவாக ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் துளைக்குப் பக்கத்தில் துளை விழுந்து தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும். புதுக் கவர் தைக்க ஆறு நாள் ஆனது, இதற்கு நாலு நாள். ஒரு பைசா கேட்க முடியவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

இவ்வளவுக்கும் மிச்சம் பிடித்தது எவ்வளவு? இருபதடிப் படகுக்குச் சுமார் நூறு மீட்டர் தையல் ஓடும். மேல்நூல், கீழ்நூல் சேர்த்து மீட்டருக்கு மூன்று மீட்டர் நூல் என்று வைத்தாலும் முந்நூறு மீட்டர்தான். நல்ல நூலுக்கும் இதற்கும் சில நூறு ரூபாய் வித்தியாசம் வந்திருக்கும். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

வாங்க வேண்டியது வெயில் தாங்கும் பாண்டட் பாலியஸ்டர், அதாவது இழைகள் பிரியாதபடி பிசின் பூசி ஒட்டிய நூல். தடிமன் வி-92 போதும், கனமான இடத்துக்கு வி-138. 'பாலியஸ்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால் சட்டை தைக்கும் நூலாகவும் இருக்கலாம். கோனில் 'பாண்டட்', 'யூவி' (வெயிலின் புற ஊதாக் கதிர்) இரண்டு சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். வி-92-க்கு 18-ம் நம்பர் ஊசி, தையல் நீளம் நாலு மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் பலம் என்பது சட்டைக்குச் சரி. இங்கே அது துணியைச் சல்லடையாக்கிவிடும்.

பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூலும் இருக்கிறது. வெயில் அதை ஒன்றும் செய்யாது, துணி போன பிறகும் நூல் இருக்கும். விலை பல மடங்கு. வழுக்கும், டென்ஷன் பிடிபட நேரமாகும், தையல் முனையில் முன்னும் பின்னும் நன்றாக ஓட்டி நிறுத்தாவிட்டால் உருவிக்கொண்டு வரும். வருஷம் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் படகு என்றால் நான் அதைத்தான் சொல்வேன். காசு கொடுக்க அவர்கள் தயாரா என்பது வேறு விஷயம்.

தண்ணீர் தேங்கும் வயிறு

தம்பியின் கவர் தட்டையாக இருந்தது. மாட்டியவுடன் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் என்றால் பன்னிரண்டு சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே ராத்திரி 50 மில்லிமீட்டர் கொட்டினால் கணக்கு 600 லிட்டர். அதில் பாதி நின்றாலே 300 கிலோ. துணி கொஞ்சம் தொய்ந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேரும், சேர்ந்தது இன்னும் தொய்ய வைக்கும். காலையில் கவரைத் தாங்கும் கம்பி வளைந்து கிடக்கும்.

நடுவில் கம்பு கொடுத்து முகடு எடுங்கள். இரண்டு மீட்டர் அகலப் படகுக்கு ஓரத்தைவிட நடு ஓர் அடியாவது உயர வேண்டும். கம்பின் தலையில் பழைய டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகி, அந்த இடத்தில் துணியை இரட்டையாகக் கொடுங்கள். மூட்டுத் தையலில் ஓடு வேய்வது போல மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் தையலே தண்ணீரை உள்ளே இழுக்கும்.

லாரித் தார்ப்பாய்

தண்ணீர் புகாது, உண்மைதான். உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேறாது. இரண்டு வாரம் இறுக மூடி வைத்துவிட்டுத் திறந்தால் சீட்டெல்லாம் பூசணம். அதுதான் வேண்டும் என்று படகுக்காரர் அடம்பிடித்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வலை வைத்து வாய் கீழ்நோக்கிய காற்றுப்போக்கி வைத்துவிடுங்கள்.

இரும்புக் கண்

கயிறு கோக்கக் கவர் ஓரத்தில் அடிக்கும் வளையம் இரும்பாக இருந்தால், ஒரே மழைக்காலம், வெள்ளைப் படகில் துருக்கோடு.

உலோக ஜிப்

உப்பு விடாது. பெரிய பல் பிளாஸ்டிக், 10-ம் நம்பர், மேலே மூடி மடிப்பு.

போனில் வாங்கிய அளவு

நீளம், அகலம் சொல்லிவிட்டு "தைச்சு அனுப்பிடுங்க" என்பார்கள். நானும் ஒருமுறை அனுப்பினேன். படகில் எஞ்சினைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள், கவர் பாதியில் நின்றது. ஆன்டெனாவைப் பற்றி யாருமே சொல்லவில்லை. நேரில் போய், படகு எந்த நிலையில் நிற்குமோ அதே நிலையில் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துப் போர்த்தி மாதிரி எடுங்கள். கண்ணாடி மூலை, கயிறு கட்டும் கொம்பு, கைப்பிடிக் கம்பி முனை எல்லாவற்றையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காற்றில் துணி உரசி ஓட்டை விழுவது அந்த இடங்களில்தான். அங்கே உள்பக்கம் ரெக்சின் ஒட்டு கொடுங்கள்.

துவைக்கத் தெரியாத வாட்ச்மேன்

கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டியது இது. அக்ரிலிக் துணியில் மழை தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருளுவது மேலே இருக்கும் பூச்சால். என் கவர் ஒன்றைக் கொதிக்கும் நீரில் சலவைத்தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அடுத்த மழைக்கே "உங்க துணி ஒழுகுது" என்று புகார். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். உருளுவது நின்றுவிட்டால் பூச்சை மறுபடி அடிக்கலாம்.

தம்பி கவரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. நேற்று போன் வந்தது. "பாண்டட் கோன் கெடச்சிருச்சுண்ணே. வெள்ளை இருக்கு, கறுப்பு இருக்கு. எது?" துணி கருநீலம். கறுப்பையே வாங்கச் சொன்னேன். அந்தச் சாயம் வெயிலைக் கொஞ்சம் தடுக்கும், வெள்ளையைவிடக் கூட நாள் வரும்.